மிளகுக்கொடிக்குள் மாமா

எங்கள் அப்பா பொய் சொல்லமாட்டார். பெருமைக்காகச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அதனால் நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். அத்தையைப் பெண்பார்க்க வந்தவர்கள் எல்லாம் பிடித்துப்போய், காப்பி குடித்து, புறப்பட எழுந்த நேரத்தில், "பிள்ளைக்கு எடது காது கொஞ்சம் மந்தமாக்கும். அதையும் அறிஞ்சு வச்சுக்கிடுங்க" என்று தானாகவே சொன்னவர் அவர். வந்தவர்கள் அத்தோடு போனவர்கள்தான். அத்தைக்கு வேறு இடம் அமைய இரண்டு வருடம் ஆயிற்று. அந்த இரண்டு வருடமும் அப்பா கூப்பிட்டால் மட்டும் அத்தைக்கு இரண்டு காதும் கேட்காது.

மிளகு விஷயத்திலும் அப்படித்தான். எங்கள் பக்கத்தில் அதை நல்லமிளகு என்போம். பாறசாலைச் சந்தைக்கு மூட்டையைக் கொண்டு போனால், கடைக்காரர் கையை விட்டுப் பார்ப்பதற்கு முன்பே, அடியில் கிடப்பது சரியாகக் காயவில்லை என்று அப்பா சொல்லிவிடுவார். பப்பாளி விதையைக் காயவைத்து மிளகோடு கலந்து விற்கிறவர்கள் அந்த நாளிலும் உண்டு. பார்த்தால் லேசில் கண்டுபிடிக்க முடியாது. அதனால் எங்கள் விளையில், வீட்டைச் சுற்றிய தோட்டத்தில், ஒரு பப்பாளி மரம் வைக்கவே அப்பா சம்மதிக்கவில்லை. "எதுக்கு வீணா ஒரு சந்தேகம்?" என்பார். பப்பாளிப் பழம் தின்ன ஆசை வந்தால் நான் பக்கத்து விளைக்குத்தான் போகவேண்டும்.

பாறசாலையிலிருந்து ஆரியங்கோட்டுக்குப் போகும் வழியில், ஒரு மேட்டின் சரிவில் எங்கள் விளை. அப்பா அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். காலையில் தமிழ், மத்தியானம் மலையாளம், இரண்டும் சொல்லிக்கொடுப்பார். விளையைப் பார்த்துக்கொண்டது அம்மா. மரச்சீனிக் கிழங்கு, வாழை, நாலைந்து தென்னை. மரம் என்று ஒன்று நின்றால் அதில் ஒரு மிளகுக்கொடியை ஏற்றிவிடுவது எங்கள் ஊர்வழக்கம். பலாவில் ஒன்று, மாவில் ஒன்று, வேலிக்கு நட்ட முருக்கில் ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, கிணற்றடியைத் தாண்டி நின்ற அயினி மரத்தில் ஒரு கொடி. அயினி ஓங்கி நெடுநெடுவென்று வளரும். அந்தக் கொடியும் விடாமல் கூடவே ஏறி, மரத்தின் உடம்பே தெரியாதபடி மூடிவிட்டது.

அது அம்மாவின் கொடி. விளவங்கோட்டுப் பக்கம் அவள் பிறந்த வீட்டிலிருந்து, கல்யாணமான வருடம் ஆனி மழையில், அவளுடைய தம்பி கொடித்தலையை வெட்டி நனைந்த சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து நட்டது. இளங்கொடியில் மேற்கு வெயில் அடிக்கக்கூடாது என்று மரத்தின் வடக்குப் பக்கமாகப் பார்த்து நட்டாராம். வருடா வருடம் தை மாதம் மாமாவே வந்து ஏறிப் பறித்துக் கொடுத்துவிட்டுப் போவார். வேறு யாருக்கும் அந்த மரத்தில் ஏறத் தைரியம் கிடையாது. ஏணி என்பது ஒற்றை மூங்கில். கணுவுக்குக் கணு கிளையை ஒரு சாண் விட்டு வெட்டியிருக்கும், அதில் பெருவிரலை ஊன்றி ஏறவேண்டும். அப்பா நாற்காலியில் ஏறிக் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும்போதே அம்மா நாற்காலியைப் பிடித்துக்கொள்வாள்.

எனக்கு ஒன்பது வயது நடந்த வருடம் எல்லைப் போராட்டம் சூடாக இருந்தது. ஊரில் இரண்டு பேர் சந்தித்தால் சாப்பிட்டாயா என்று கேட்பதை விட்டுவிட்டு, நம்ம ஊர் மலையாளத்தோடா தமிழோடா, எந்தப் பக்கம் போகும் என்று கேட்டுக்கொண்டார்கள். தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று தெற்கே ஊர்வலமும் கூட்டமும் அடிதடியும் நடந்தன. மாமா அதில் முன்வரிசை. ஒரு நாள் பஸ் நிற்கும் இடத்தில் இருந்த ஊர்ப்பலகையில் தமிழ் இல்லை என்று அதன்மேல் தார் பூசிவிட்டார். பூசியதோடு ஓடியிருந்தால் பரவாயில்லை. கையில் மிஞ்சின தாரை வீணாக்கவேண்டாமே என்று கூடி நின்றவர்களிடம் கையை உயர்த்திக் காட்டிப் பிரசங்கமும் செய்திருக்கிறார். மாமாவின்மேல் வழக்குப் பதிவாயிற்று. அவர் வீட்டில் தங்காமல் இன்றைக்கு ஒரு சொந்தக்காரர், நாளைக்கு ஒரு சொந்தக்காரர் என்று திரிந்தார்.

அப்பா அம்மாவைக் கூப்பிட்டு, தெளிவாக, பாடம் நடத்துகிற குரலில் சொன்னார். "இந்த வழக்கு தீருற வரைக்கும் உன் தம்பி இந்த விளையிலே கால் வைக்கப்படாது. அவன்மேலே எனக்கு வெறுப்பொண்ணும் இல்ல. ஆனா போலீஸு வந்து கேட்டா நான் உள்ளதைத்தான் சொல்லுவேன். பொறவு என்னைக் குற்றம் சொல்லப்படாது."

அவர் சொல்லுவார் என்பதில் எங்களுக்குத் துளிகூடச் சந்தேகம் இல்லை. எனக்கு மாமா என்றால் உயிர். அப்பாவே மாமாவைப் பிடித்துக் கொடுத்துவிடுவார் என்று நினைத்து நினைத்து எனக்குச் சாப்பாடு இறங்காது.

மிளகுக்கு இதெல்லாம் தெரியுமா? தை பிறந்ததும் அயினிமரத்துக் கொடியில் திரிதிரியாகத் தொங்கி, ஒவ்வொரு திரியிலும் ஒரு மணி இரண்டு மணி சிவக்கத் தொடங்கியது. சிவந்துவிட்டால் பிறகு காத்திருக்க முடியாது. பறவைகள் வந்துவிடும், மிச்சம் உதிர்ந்து மண்ணோடு போகும். மரமேறுகிற ஆளைக் கூப்பிட்டனுப்பினால் ஆள் கிடையாது. ஊரில் பாதிப்பேர் ஊர்வலத்துக்குப் போயிருந்தார்கள், மீதிப்பேர் ஒளியப் போயிருந்தார்கள். அம்மா தினமும் காலையில் மரத்தடிக்குப் போய் உதிர்ந்த சிவப்பு மணிகளைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு வருவாள். பிள்ளைகள் எங்கள் மூன்று பேருடைய துணிமணியும் புத்தகமும் அந்தக் கொடியிலிருந்துதான் வரவேண்டும். ஐந்தாம் நாள் மீன்காரியின் காதில் ஏதோ சொல்லி அனுப்பினாள்.

செவ்வாய்க்கிழமை அண்ணன்மார் இருவரும் அப்பாவோடு பள்ளிக்கூடம் போனார்கள். எனக்குக் காய்ச்சல் என்று அம்மா நிறுத்திக்கொண்டாள். எனக்குக் காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. அப்பா சொல்லாமல் விட்ட பொய்களை எல்லாம் அம்மாதான் சொல்லி அந்தக் குடும்பத்தை நடத்தினாள் என்பது இப்போது யோசித்தால் தெரிகிறது.

பத்து மணிக்கு மாமா வந்தார், கருவாட்டு வியாபாரி வேஷத்தில். தலையில் துண்டைச் சுற்றி, அதன்மேல் கருவாட்டுக் கூடையை வைத்திருந்தார். மனிதர் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. ஆனால் பின்னால் ஆறேழு நாய்கள். அம்மா முதல் காரியமாக அந்தக் கூடையை வாங்கிச் சமையலறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தி நாய்களை விரட்டினாள்.

"என்ன மக்கா, காய்ச்சல் எப்பிடி உண்டு?" என்று கேட்டு மாமா என் தலையில் தட்டினார். விரல்நகங்களுக்குள் தார் அப்போதும் கறுப்பாக இருந்தது. தோளில் துணிப்பையைக் கட்டிக்கொண்டு, மூங்கிலைச் சாய்த்து, கணுவில் விரலை ஊன்றி விறுவிறுவென்று ஏறிவிட்டார். காம்பை நகத்தால் கிள்ளிக் கிள்ளிப் பையில் போடுவார். பை நிறைந்ததும் கயிற்றில் இறக்குவார், நானும் அம்மாவும் கூடையில் தட்டுவோம். பாதி மரம் முடிந்திருக்கும்.

அப்போது வயலுக்கு அந்தப் பக்கம் வரப்பில் அப்பாவின் குடை தெரிந்தது. அந்த நேரத்தில் அப்பா வீட்டுக்கு வருகிற வழக்கமே இல்லை. குடைக்குப் பின்னால் இரண்டு போலீஸ்.

"எலே, எறங்காதே! மேலே போ! மேலே போ!" என்றாள் அம்மா. மாமா மேலே கிளைக்குத் தாவிக் கொடிக்குள் மறைந்தார். நானும் அம்மாவும் அந்த மூங்கிலைத் தள்ளிச் சாய்த்து இழுத்துக்கொண்டுபோய் கையாலை மண்சுவரோரம் சேம்பஞ்செடிகளுக்குள் போட்டோம். எனக்கு எங்கிருந்து அந்தப் பலம் வந்ததோ! கூடையை மறைக்க நேரமில்லை. பச்சைத்திரி நிறைந்து அது முற்றத்தின் நடுவில் அப்படியே இருந்தது.

அப்பா பயமே இல்லாமல் வந்தார். ஏட்டும் இன்னொரு இளம் போலீஸ்காரரும் பள்ளிக்கூடத்துக்கே போய் அவரைக் கூட்டி வந்திருந்தார்கள். 'வாங்க, தாராளமா பாத்துக்கிடுங்க' என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருப்பார், பாவம். தன் வீட்டில் ஒளிக்க ஒன்றுமில்லை என்று அவ்வளவு நம்பிக்கை. முற்றத்துக்கு வந்ததும் கூடையைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அயினிமரத்தைப் பார்க்கவில்லை.

போலீஸ்காரர்கள் வீட்டுக்குள் போய்க் கட்டிலடியில், நெல் போடும் பத்தாயத்துக்குள், எல்லா இடத்திலும் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. ஏட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, நிழல் பார்த்து உட்கார இடம் தேடினார். போயும் போயும் அயினிமரத்தடிதான் அவர் கண்ணில் பட்டது. அங்கே கிடந்த கட்டையில் உட்கார்ந்துவிட்டார். அம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அந்த மரத்தில் முசிறு உண்டு. சிவப்பாக, இலைகளை ஒட்டிக் கூடு கட்டும் எறும்பு. கடித்தால் கடித்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். மாமா தாவிய கிளையில் அதன் கூடு இருந்திருக்கிறது. நான் நைசாக அண்ணாந்து பார்த்தேன். இலைகளுக்கு நடுவே ஒரு குதிகால் தெரிந்தது, அது நடுங்கிக்கொண்டிருந்தது. ஐயோ மாமா, என்று எனக்குள் அலறிக்கொண்டேன். தலைக்கு மேலே கொடி சலசலத்தது. ஒரு மிளகுத்திரி விழுந்தது. சற்று நேரத்தில் இன்னொன்று, சரியாக ஏட்டின் மடியில்.

"அணில்!" என்றேன் நான். யாரும் என்னைக் கேட்கவில்லை. "எங்க மரத்துல நெறைய அணில் உண்டு. நாளும் பொழுதும் இப்பிடித்தான் தள்ளிப் போடும்."

ஏட்டு அந்தத் திரியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வடக்கே மலையோரத்துக்காரர் அவர், மலையாளமும் தமிழும் கலந்து பேசுவார். காம்பின் நுனியை என்னிடம் காட்டி, "மோளே, இவிடத்தெ அணிலுக்கு நகம் உண்டோ?" என்று கேட்டார்.

"உண்டு, பெரிய நகம்!" என்றேன். எவ்வளவு சாமர்த்தியமாகப் பதில் சொல்லிவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

ஏட்டு சிரிக்கவில்லை. மேலேயும் பார்க்கவில்லை. எழுந்து அப்பாவின் எதிரில் போய் நின்றார். "சாரே, சாரு பொய் பறயமாட்டீங்கன்னு ஸ்டேஷன்ல எல்லாவர்க்கும் தெரியும். சாரு ஒரு வாக்கு சொன்னா மதி, நாங்க போகாம். அளியன், உங்க மச்சினன், இவிடெ வந்தோ?"

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.  அப்பாவின் வாய் இப்போது திறக்கும், 'வந்திருக்கான், மரத்துல உண்டு' என்று சொல்லும், மாமாவை விலங்கு மாட்டிக் கூட்டிக்கொண்டு போவார்கள். ஓடிப்போய் அப்பாவின் வாயைப் பொத்திவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அப்பா குடையை மடக்கினார். மடக்கிய குடையின் கொக்கியை மாட்ட அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.

"வரல்ல" என்றார்.

ஏட்டு கையிலிருந்த திரியை நீட்டினார். "பின்னெ இது?"

"நான் பறிச்சதாக்கும். காலையிலே, ஸ்கூலுக்குப் போறதுக்கு முன்னே."

ஏட்டு அப்பாவின் வெள்ளை வேட்டியைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார், சாக்கட்டி தவிர வேறு கறை படாத விரல்களைப் பார்த்தார். "ஓ, சரி சாரே" என்றார். அந்தத் திரியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மோர் நன்றாயிருந்தது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு இளையவரையும் கூட்டிக்கொண்டு வரப்பில் இறங்கிப் போய்விட்டார்.

அப்பா பொய் சொல்லிவிட்டார்! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பரீட்சையில் தோற்றுக்கொண்டே இருந்த ஒருவர் ஒருவழியாகப் பாஸாகிவிட்டதைப் போலத்தான் நினைத்தேன். அவர்கள் வயலைத் தாண்டியதும் மூங்கிலை நிறுத்தினோம். மாமா இறங்கி வந்தார். முகம் வீங்கி ஒரு கண் மூடிவிட்டிருந்தது, காதுமடலில் இரண்டு முசிறு அப்போதும் தொங்கின. அப்பாவின் முன்னால் நின்று, "அத்தான்..." என்று தொடங்கி அழுதுவிட்டார். அழுதது எறும்புக்கடிக்கா வேறு எதற்கா, எனக்குத் தெரியாது.

"மிச்சத்தையும் பறிச்சுக் குடுத்துட்டுப் போ" என்றார் அப்பா. "பாதிக் கொடியைப் போட்டுட்டுப் போனா அவ என்ன செய்வா?" அவ்வளவுதான். சாப்பிடக்கூட இல்லாமல் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போனார்.

மறுநாள் திரிகளைச் சாக்கில் குவித்து மிதித்தோம். மிளகு மிதித்தால் உள்ளங்கால் எரியும், எரிய எரியக் குதிக்கவேண்டும், அது ஒரு சுகம். உதிர்ந்த மணிகளைக் கூடையோடு கொதிநீரில் ஒருமுறை முக்கியெடுத்து ஓலைப்பாயில் பரப்பினாள் அம்மா. காலையில் பச்சையாக இருந்தது மாலைக்குள் கறுக்கத் தொடங்கியது. நாலு நாள் வெயிலில் சுருங்கி, கையால் அள்ளினால் கலகலவென்று சத்தம் போட்டது. வீடு முழுக்க மிளகு மணம். நான் அண்ணன்மாரிடம் அணில் கதையைத் தினம் மூன்று வேளை சொன்னேன். வெளியே மூச்சு விட்டால் வாயில் மிளகைத் திணித்துவிடுவேன் என்று அம்மா மிரட்டியிருந்தாள்.

அடுத்து வந்தது மாதத்தின் முதல் ஞாயிறு. அன்றைக்கு எங்கள் கோயிலில், சர்ச்சை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், ஆராதனை முடிந்ததும் அப்பமும் திராட்சரசமும் கொடுக்கிற திருவிருந்து நடக்கும். சபையில் சேர்ந்த பெரியவர்கள் உள்ளே இருப்பார்கள், பிள்ளைகள் நாங்கள் வெளியே வந்து புளியமரத்தடியில் விளையாடுவோம். எனக்குத் தெரிந்த நாள் முதலாக அப்பா அந்த நேரத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பவர். அன்று என்னவென்றால், பிள்ளைகளோடு பிள்ளையாக எழுந்து வெளியே வந்துவிட்டார். பெரியவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. நேராகப் புளியமரத்தடிக்கு வந்து நின்றார்.

நான் துள்ளிக் குதித்து ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறு எந்தப் பிள்ளையின் அப்பாவும் வெளியே வரவில்லை. என் அப்பா மட்டும் எனக்காக வந்திருக்கிறார்! கூட்டாளிகள் ஒவ்வொருத்தியிடமும் இழுத்துக்கொண்டுபோய்க் காட்டினேன். எனக்குப் புளியம்பழம் பொறுக்கிக் கொடுத்தார். உள்ளே பாட்டுக் கேட்டபோது மட்டும் பொறுக்குவதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நின்றார். அடுத்த மாதமும் வந்தார், அதற்கடுத்த மாதமும் வந்தார். மாதம் முழுவதும் நான் அந்த ஞாயிற்றுக்கிழமைக்காகவே காத்திருந்தேன்.

சித்திரையில் மாமாவின்மேல் இருந்த வழக்கைத் தள்ளிவிட்டார்கள். அந்த வாரமே அப்பா பாறசாலைக்குப் பஸ் ஏறிப்போய், ஏட்டைத் தேடிப் பிடித்து, அன்றைக்குத் தான் சொன்னது பொய் என்று சொல்லியிருக்கிறார். கிள்ளிய காம்பைப் பார்த்தபோதே எனக்குத் தெரியும் சாரே, நானும் மிளகு பறித்து வளர்ந்தவன்தான், என்றாராம் ஏட்டு. அந்தக் கொடியில் ஒரு தலை கிடைக்குமா என்றும் கேட்டாராம். அப்பா மறுநாள் கொடித்தலையை வெட்டி, ஈரமண் அப்பி, வாழைச்சருகில் பொதிந்து கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். இதெல்லாம் வெகுகாலம் கழித்து அம்மா சொல்லித் தெரிந்துகொண்டது. சில வருடம் கழித்து என்னைச் சபையில் சேர்ப்பதற்கு முன் போதகர் வகுப்பு எடுத்தார். மனதில் ஒரு குற்றத்தை வைத்துக்கொண்டு திருவிருந்துக்கு வரக்கூடாது என்று அவர் சொன்னபோது, எனக்குப் புளியமரத்தடி ஞாபகம் வந்தது. ஊர் பார்க்க வெளியே வந்து நின்ற அந்த மனிதனை நான் ஊருக்கெல்லாம் இழுத்துக்கொண்டுபோய்க் காட்டியிருக்கிறேன்.

ஒன்பது வயதில் அது எங்கே தெரிந்தது? அப்பா ஏட்டைப் பார்த்துவிட்டு வந்த பிறகு, நான்காம் மாதம் முதல் ஞாயிறு, புளியமரத்தடியில் நின்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா வரவில்லை. உள்ளேயே இருந்துவிட்டார். எல்லாம் முடிந்து வந்தவரோடு நான் பேசவில்லை, கையைப் பிடிக்க வந்தபோது உதறிவிட்டு முன்னால் நடந்தேன்.

"என்னட்டி, மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே?" என்று கேட்டார். அவருடைய முகம் அன்று அவ்வளவு தெளிவாக இருந்தது, அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

"நீங்க ஏன் வெளியே வரல்ல?"

 "இனி வரமாட்டேன், மக்கா" என்றார் அப்பா.

பொய் சொல்லமாட்டாரே. அப்படியானால் நிஜமாகவே இனி வரமாட்டார் என்று, வீடு போய்ச் சேரும் வரை அழுதுகொண்டே போனேன்.